மேசன் வேலைக்கா படிக்க வெச்சேன்?



ஏ.எல் முடித்த மாணவன் ஒருவன் நிர்மாண முகாமைத்துவம் படிக்கப் போகிறானாம், அதிலும் சூழலுக்கு உகந்த கட்டடத் துறை. வாப்பா என்னிடம் கேட்டார்: "மேசன் வேலைக்கா சேர் இவ்வளவு காலம் படிக்க வெச்சேன்?"

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரே அப்படித்தான். ஓட்டைக் கழற்றி சிலாப் போட்டோம். காற்று வந்த முற்றத்தை மூடினோம். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தக் கொங்கிரீட் இரவில் நம் தலையில் இறக்குகிறது. பிறகு ஏசி, பிறகு கரண்ட் பில்லைப் பார்த்துப் புலம்பல். பள்ளியில் வீண்விரயம் பற்றிப் பயான் கேட்கிறோம்; வுழூச் செய்த தண்ணீர் நேரே வடிகானுக்குப் போகிறது.

எந்தப் பக்கம் ஜன்னல், எவ்வளவு சீமெந்து, மழைநீர் எங்கே சேரும், காசும் நாளும் எவ்வளவு போகும் என்று அத்திவாரம் வெட்டுமுன் கணக்குப் போடுவதுதான் அந்தப் படிப்பு. துல்ஹிரியவில் 2008இல் திறந்த துருலி ஆடைத் தொழிற்சாலை அப்படிக் கட்டியது. வழமையான ஏசி இல்லை. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறார்கள்.

கடன்பட்டு வீடு கட்டுகிறோம், திட்டமிடத் தெரிந்தவனை மட்டும் மதிக்க மாட்டோம்!

வாப்பாமாரே, பிள்ளையைத் தடுக்காதீங்க. நாளைக்கு உங்கட வீட்டுச் சூட்டைக் குறைக்க அவனைத்தான் தேடுவீங்க.