பன்சலைக்குள்ளேயே இருங்கள் என்று சொல்ல மாட்டோம்

ஒரு போயா நாள். எங்கள் பச்சின் வட்ஸ்அப் குழுவில் யாரோ தையிட்டிப் போராட்டப் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். வலிகாமம் வடக்கில், பல வருடங்கள் படையினரின் பிடியில் இருந்த சனங்களின் காணியில் எழுப்பப்பட்ட விகாரை அது. 2023 இலிருந்து காணிக்காரரும் அவர்களோடு நிற்பவர்களும் போயா நாட்களில் வீதியோரம் நின்று தங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். படத்துக்குக் கீழே சிங்கள நண்பன் ஒருவன் எழுதினான்: "இது புத்தர் சொன்ன பௌத்தம் இல்லை மச்சான். பிக்குமாருக்கு அரசியல் என்னத்துக்கு? பன்சலையில் இருந்து பிரித் ஓதினால் போதும்."

குழுவில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதுக்கு ஹார்ட் போட்டோம்.

அவன் நல்லவன். மனசு நொந்துதான் எழுதினான். ஆனால் அன்றிரவு ஹொஸ்டலில் இருந்து கதைக்கக் கதைக்க, நாங்கள் போட்ட ஹார்ட் எங்களுக்கே உறுத்தத் தொடங்கியது. "பௌத்தம் வேறு, அரசியல் வேறு" என்ற வசனத்தை இனிமேல் நாங்கள் கைதட்டி வரவேற்கப் போவதில்லை. ஏன் எண்டு சொல்லுறம்.

முதலில், அந்த வசனத்தை இந்த நாட்டில் யார் யாருக்குச் சொன்னார்கள் என்று பார்ப்போம். 1946 இல் வித்தியாலங்கார பிரிவேனாவின் பிக்குமார், அரசியலில் ஈடுபடுவது பிக்குவின் கடமைதான் என்று பிரகடனம் செய்தார்கள். அதே ஆண்டு வல்பொல ராகுல தேரர் 'பிக்ஷுவகே உருமய' நூலை வெளியிட்டார். அப்போது அவர்களில் பலர் இடதுசாரிகளுக்கு நெருக்கமானவர்கள். இலவசக் கல்விக்காகக் குரல் கொடுத்தவர்கள். அவர்களைப் பார்த்து, உங்களுக்கு அரசியல் தேவையில்லை என்று சொன்னது டி.எஸ். சேனாநாயக்கவும் காசுள்ள பௌத்தப் பிரமுகர்களும். அவர்கள் பயந்தது தம்மம் கெட்டுப்போகும் என்றா, தங்கள் அதிகாரம் போய்விடும் என்றா?

பத்தே வருடத்தில் கதை தலைகீழாகிறது. 1956 இல் எக்சத் பிக்கு பெரமுன பண்டாரநாயக்கவுக்காகத் தெருவில் இறங்கியது. தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பண்டா - செல்வா ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லி 1958 ஏப்ரலில் பிரதமரின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் பிக்குமார் குந்தியிருந்தார்கள். அன்றே ஒப்பந்தம் செத்தது. அடுத்த வருடம் செப்டெம்பரில் அதே பண்டாரநாயக்கவை ஒரு பிக்குவே சுட்டார். 2004 இல் ஜாதிக ஹெல உறுமய பிக்குமாரையே வேட்பாளர்களாக நிறுத்தி ஒன்பது ஆசனங்களோடு பாராளுமன்றம் போனது. 2021 இல் ஞானசார தேரர் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்குத் தலைவராக்கப்பட்டார். பன்சலைக்குள் இருங்கள் என்ற வசனம் இவர்களில் ஒருவரையாவது தடுத்ததா?

அது தடுப்பது வேறு ஆட்களை. வட்டரெக்க விஜித தேரர் பொதுபல சேனாவுக்கு எதிராகவும் முஸ்லிம் மக்களுக்கு ஆதரவாகவும் பேசியவர். 2014 ஏப்ரலில் கொழும்பில் அவருடைய ஊடகச் சந்திப்புக்குள் புகுந்து குழப்பினார்கள். அளுத்கம எரிந்த அதே ஜூனில் அவர் உடம்பெல்லாம் காயத்தோடு வீதியோரத்தில் கிடந்தார். பிறகு பொலிஸ் அவரையே பிடித்தது, காயத்தைத் தானே ஏற்படுத்திக்கொண்டார் என்று சொல்லி. வெறுப்பைப் பேசும் பிக்குவுக்கு இந்த வசனம் ஒரு கொசுக்கடிகூட இல்லை. மனச்சாட்சியுள்ள பிக்குவுக்குத்தான் அது வாய்ப்பூட்டு. நாங்கள் ஹார்ட் போட்டது அந்தப் பூட்டுக்கு.

"ஆனால் புத்தர் அரண்மனையை விட்டுப் போனவர்தானே, தியானம்தானே பௌத்தம்?" என்று கேட்பார்கள். அரண்மனையை விட்டுப் போனார், சனத்தை விட்டுப் போகவில்லை. விநயக் கதையில், சாக்கிய இளவரசர்கள் துறவறம் கேட்டு வந்தபோது அவர்களோடு வந்த நாவிதர் உபாலிக்குத்தான் முதலில் துறவு கொடுக்கப்படுகிறது, இளவரசர்கள் இனி அவரை வணங்கவேண்டும் என்பதற்காக. இது தியானமா, அரசியலா? தீக நிகாயத்தின் கூடதந்த சுத்தத்தில், கொள்ளை பெருகிய நாட்டின் அரசனுக்கு அறிவுரை சொல்லப்படுகிறது: தண்டிப்பதால் தீராது, உழுபவனுக்கு விதை கொடு, வியாபாரிக்கு முதல் கொடு, வேலை செய்பவனுக்குக் கூலி கொடு. எங்கள் பொருளியல் விரிவுரையில் இதைப் பெயர் சொல்லாமல் வாசித்தால் ஏதோ இடதுசாரிக் கட்சியின் விஞ்ஞாபனம் எண்டுதான் நினைப்பம்.

எங்கள் மொழியிலேயே இருக்கும் பௌத்தக் காப்பியத்தை எடுங்கள். மணிமேகலை துறவிதான். அமுதசுரபியைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் கண்ணை மூடி இருக்கவில்லை. பசித்தவர்களுக்குச் சோறு போட்டாள். சிறைச்சாலைக்குள் போனாள். அரசனிடம் கேட்டு அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள். பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடிபட்டு வருடக்கணக்காகப் பிள்ளைகள் உள்ளே கிடந்த ஒரு நாட்டில், சிறையை மூடச் சொன்ன ஒரு பௌத்தத் துறவியின் கதை எங்கள் பாடத்திட்டத்தில் அணி இலக்கணத்துக்கு உதாரணமாக மட்டும் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் அரசியலில் இறங்கிய பௌத்தம் எல்லாம் நல்லதா? இல்லவே இல்லை. 'ஈடுபாட்டுப் பௌத்தம்' என்று பெயர் வைத்தவுடனே அது புனிதமாகிவிடாது. மியன்மாரையே பாருங்கள். 2007 இல் அங்கே பிக்குமார் இராணுவ ஆட்சிக்கு எதிராக வீதிக்கு வந்தபோது ஒரு பழைய விநய வழக்கத்தைக் கையில் எடுத்தார்கள். பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். ஜெனரல்மாரிடமிருந்து தானம் வாங்க மாட்டோம் என்றார்கள். பௌத்த நாட்டில் இது சின்ன விசயம் இல்லை. தானம் கொடுக்க முடியாதவனுக்குப் புண்ணியம் இல்லை. சில வருடங்களில் அதே நாட்டில் விராது போன்ற பிக்குமார் முஸ்லிம்களுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பினார்கள். இரண்டுமே அரசியல் ஈடுபாடுதான், இரண்டுமே காவி உடைதான்.

எங்களுக்கு அளவுகோல் அந்தப் பாத்திரம். அதிகாரத்துக்கு முன்னால் அதைக் கவிழ்க்கிறீர்களா, நீட்டுகிறீர்களா? உங்கள் ஈடுபாட்டுக்கான விலையை நீங்கள் கொடுக்கிறீர்களா, பக்கத்துச் சனத்தைக் கொடுக்க வைக்கிறீர்களா? திக் நாட் ஹான் போரை நிறுத்தச் சொன்னார். வியட்நாமின் இரண்டு பக்கமும் அவரை நாட்டுக்குள் விடவில்லை, 1966 இல் வெளியேறியவர் 2005 இல்தான் திரும்பவும் ஊரைப் பார்த்தார். அம்பேத்கர் 1956 ஒக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தத்தைத் தழுவியது, சாதியால் மிதிக்கப்பட்டவர்கள் நிமிர்ந்து நிற்பதற்காக. இங்கே அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, அதைப் பாதுகாப்பதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. இப்படியொரு நாட்டில் "நான் தியானம் மட்டும்தான்" என்று ஒதுங்குவதும் ஒரு அரசியல்தான். உங்கள் பெயரில் காணி பிடிபடும்போது நீங்கள் கண்ணை மூடியிருந்தால், பிடிப்பவனுக்கு அது சம்மதம்.

இனி எங்கள் பக்கம் வருவோம், ஏனெண்டால் நாங்களும் சுத்தமில்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் போய், வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அரசின் கணக்கை வைத்தே கேட்டார். நாங்கள் யாராவது "சுவாமி, உங்களுக்கு அரசியல் என்னத்துக்கு, பூசையை வையுங்கோ" எண்டு சொன்னனாங்களா? இன்றுவரை பெருமையோடு சொல்லுகிறோம். அப்படியானால் எங்களுடைய பிரச்சினை மதகுரு அரசியல் பேசுவது இல்லை, எங்களுக்கு எதிராகப் பேசுவதுதான். அதை நேராகவே சொல்வோமே!

சைவத்தின் பெயரால் நடந்ததையும் மறக்கக்கூடாது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தன் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்களை மறித்து நின்றது எந்தப் பிக்குவும் இல்லை, எங்கள் ஆட்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டவர்கள் சிலர் பௌத்தத்தின் பக்கம் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் கொழும்பு மட்டும் இல்லை, எங்கள் கோயில் கதவும்தான். "சமயத்தை அரசியலாக்காதே" என்று அன்றும் சொன்னார்கள். கதவுக்கு உள்ளே நின்றவர்கள்தான் சொன்னார்கள்.

இதையெல்லாம் கதைத்த பிறகு அந்த நண்பனுக்கு ஒரு பதில் எழுதினோம். போட்ட ஹார்ட்டையும் எடுத்துவிட்டோம். எழுதியது இவ்வளவுதான்: "மச்சான், பிக்குமாரைப் பன்சலைக்குள் அனுப்பாதே. உனக்குத் தெரிந்த ஹாமுதுரு ஒருவரைக் கூட்டிக்கொண்டு அடுத்த போயாவுக்கு வா. சில் எடுக்கும் வெள்ளை உடுப்போடயே வா. விகாரைக்குள் போகவேண்டாம், வீதிக்கு இந்தப் பக்கம் காணிக்கார அம்மாக்களோடு கொஞ்ச நேரம் நில். பிரித் ஓத விருப்பம் என்றால் அங்கேயே ஓதலாம்."

நீலச் சரி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. கேட்டது லேசான விசயம் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். அவன் வந்தால், வீட்டிலும் ஊரிலும் பேச்சு வாங்கப்போவது அவன்தான். அதனால்தான் கேட்டோம்.