முற்றும்மை

கடவுள் எல்லா மனிதரும் இரட்சிப்படைய விரும்புகிறார் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம். அது விசுவாசிகளை மட்டுமே குறிக்கும் என்று ஏலாக்குறிச்சி மாதா கோயில் வாசலில் வைத்துச் சாதித்தார் விமர்சக நண்பர். அகஸ்டினே அதை 'எல்லா வகையினரும்' என்று குறுக்கினாராம். போதாததற்கு நன்னூலையும் இழுத்தார்: முற்றும்மை எச்சமாவதுண்டே!

உண்டு. 'எல்லோரும் வரவில்லை' என்றால் சிலர் வந்திருக்கிறார்கள். நிருபத்தின் வாக்கியத்தில் எதிர்மறை எங்கே ஐயா? தொன்னூல் விளக்கம் எழுதிய வீரமாமுனிவர் (1680–1747) வாழ்ந்த ஊரில் நின்றுகொண்டா இப்படி?

அரியலூர் மழவராயரின் ராஜபிளவையை முனிவர் ஆற்றினார், அரசர் நிலம் கொடுத்தார் என்பது ஊர்வழக்கு. அந்தக் கதையில் ஞானஸ்நானம் கிடையாது. நண்பரின் வியாக்கியானப்படி மழவராயர் நரகத்தில். நிலம் மட்டும் கோயில் கணக்கில் வரவு.