கலாசாலைப் படிப்பும் கடன் பத்திரமும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளிவந்த மறுநாளே நமது கிராமங்களில் இரண்டு வியாபாரங்கள் சூடு பிடித்து விடுகின்றன. ஒன்று ஜோசியனுடையது, மற்றொன்று தனியார் கலாசாலைத் தரகனுடையது. பையனுக்கு எந்தப் படிப்பு ராசி என்று முன்னவன் சொல்லுகிறான். எங்கே இன்றைக்கே முன்பணம் கட்ட வேண்டுமென்று பின்னவன் சொல்லுகிறான். இவ்விருவர் பேச்சையும் கேட்டு நிலத்தை அடகு வைக்கும் தகப்பனார், சர்க்கார் உத்தரவு என்ன என்பதை மாத்திரம் ஒருவரிடமும் கேட்பதில்லை.

நாம் படிப்பு வேண்டாமென்று சொல்ல வரவில்லை. எழுத்தே கூடாதென்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஜனங்கள் இன்று கடன் வாங்கியாவது படிக்கத் துணிந்திருப்பதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கிறோம். அந்தத் துணிவையே முதலாக வைத்து மற்றொருவன் கொள்ளையடிப்பதைத்தான் வேண்டாமென்கிறோம்.

தனியார் இஞ்சினீயரிங் கலாசாலைகளுக்குக் கட்டணக் கமிட்டி 2017-ல் நிர்ணயித்த சம்பளத்தைப் பாருங்கள். கவுன்சிலிங் மூலம் சேருகிறவனுக்கு வருஷம் 50,000 ரூபாய். தரச்சான்று பெற்ற பாடப்பிரிவானால் 55,000. அதே கட்டடத்தில் அதே பெஞ்சியில் நிர்வாக ஒதுக்கீட்டில் உட்காருகிறவனுக்கோ 85,000 அல்லது 87,000. பாடமும் ஒன்று, வாத்தியாரும் ஒருவர். இதற்கு மேல் ரசீதில்லாமல் கேட்கும் "நன்கொடை" இருக்கிறதே, அதை 1992-ம் வருஷத்துச் சட்டம் குற்றமென்றே சொல்லுகிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் வாய் திறவாததால் சட்டம் புத்தகத்திலேயே தூங்குகின்றது.

அன்றியும், குடும்பத்தில் முதன் முதல் பட்டதாரியாகப் போகிறவனுக்குச் சர்க்கார் தரும் கட்டணச் சலுகை கவுன்சிலிங்கில் வந்தவனுக்கே உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டு 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்குச் சேருகிறவர்களுக்கோ 2021 முதல் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே செலுத்துகிறது. தரகனுக்குப் பயந்து முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேருகிறவன் இவ்வளவையும் தானே உதறி விடுகிறான்!

நிற்க, பாங்கிக் கடன் விஷயத்துக்கு வருவோம். "படிப்பு முடிகிற வரையில் கட்ட வேண்டியதில்லை" என்று பாங்கிக்காரர் சொன்னவுடன், வட்டியும் கிடையாதென்று நம்மவர்கள் நினைத்து விடுகிறார்கள். வட்டிக்கு விடுமுறை கிடையாது. வருஷத்துக்கு 1,25,000 வீதம் நான்கு வருஷத்தில் 5 லட்சம், நூற்றுக்குப் பத்து வட்டியில் வாங்கினால், படிப்பு முடிந்து ஒரு வருஷத் தவணையும் கழியும்போது தனிவட்டி மாத்திரம் 1,75,000 ஆகிறது. ஆகவே பையன் தீர்க்கத் தொடங்குவது 5 லட்சத்தையல்ல, 6,75,000-த்தை. அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 8,900 ரூபாய், மொத்தம் ஏறக்குறைய 10,70,000! வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பமானால், அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தில் தொழிற்படிப்புக்கு இந்த இடைக்கால வட்டியை மத்திய சர்க்கார் மானியமாகக் கொடுக்கும் திட்டம் 2009 முதல் இருக்கின்றது. மானியம் கிடைத்தால் மாதத் தவணை 6,600-க்கு இறங்கும். பரீட்சைச் சீட்டைச் சாமி காலடியில் வைத்து எடுக்கத் தூர தேசம் போய் வருகிறவர்கள், பக்கத்துப் பாங்கிக்குப் போய் இந்த ஒரு விண்ணப்பத்தைக் கேட்கலாகாதா?

வேறு வழிகளும் உண்டு. பத்தாவது முடித்தவன் சர்க்கார் பாலிடெக்னிக்கில் சொற்பச் செலவில் மூன்று வருஷம் படித்து, பிறகு இஞ்சினீயரிங்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். ஒரு வருஷத்துத் தனியார் சம்பளம் மிச்சம். நடுவில் கடன் பயம் வந்தால் கையில் தொழிலும் இருக்கும். இதைச் சொன்னால், "டிப்ளமாவா, கௌரவக் குறைவல்லவா?" என்கிறார்கள். வாசலில் ஜப்திக்காரன் நிற்பது எந்தக் கௌரவமோ நமக்குத் தெரியவில்லை. பெண் சமைந்ததற்கு மூன்று ஊரைக் கூட்டிப் பந்தல் போட்ட கடனும், அதே பெண்ணின் கலாசாலைக் கடனும் ஒரே வீட்டில் இருப்பதையும் நாம் பார்க்கிறோம். முன்னதை வாங்காதிருந்தால் பின்னதில் பாதி தேவைப்பட்டிராது.

ஆகவே இவ்வருஷம் பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் தோழர்கள், முன்பணத்தை எடுப்பதற்கு முன் கலாசாலை ஆபீசில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகிறோம்: கமிட்டி நிர்ணயித்த சம்பளம் எவ்வளவு? விடுதியும் பஸ்ஸும் சேர்த்து நான்கு வருஷத்துக்கு மொத்தம் என்ன? இவ்வளவையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு அந்த ஆபீசில் என்ன பதில் கிடைத்ததென்று நமக்குத் தெரிவித்தால், ஊர்வாரியாகப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.