சுழல் மாற்றியும் தொடக்கப் பாரமும்

பதுளை மாவட்டத்தில் வெலிமடை முதலிய பகுதிகளில், பெரும்போகத்தில் நெல் விளையும் வயல்களிலேயே சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறிகளும் பயிராகின்றன. ஆடி, ஆவணி மாத வறட்சியில் நீர் இறைத்தே அப்பயிரைக் காத்தல் வேண்டும். அவ்வேளையில் மோட்டர் எரிந்துபோனால் ஒரு போகத்து உழைப்பே வாடிவிடும்.

மும்முனை மின்சாரம் எட்டாத மேட்டுக் காணிகளில், ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கும் சுழல் மாற்றியைக் கமக்காரர் நாடுவது இயல்பே. இது பாரமின்றிச் சுழலும் ஒரு மும்முனை மோட்டரேயாகும். இரண்டு முனைகளை மின்கம்பி தருகிறது. மூன்றாவதை இச்சுழற்சி தோற்றுவிக்கிறது. மாற்றி மின்வலுவைப் புதிதாகப் படைப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நிற்கும் மோட்டர் புறப்படும்போது, முழுப்பாரத்தில் ஓடுகையில் கொள்ளும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். அக்கணம் மூன்றாம் முனையின் அழுத்தம் தாழும். அழுத்தம் நூற்றுக்கு 80 ஆகக் குறைந்தால், மோட்டரைச் சுழற்றும் வலு நூற்றுக்கு 64 ஆகக் குறையும். பாரம் மிகுந்த மோட்டர் உறுமிக்கொண்டே நிற்கும், சுருள்கள் கருகும். ஆகவே, மோட்டரின் குதிரைவலுவுக்குச் சமமான மாற்றியை வாங்குவது சிக்கனமன்று என்பதே எமது கருத்து. கடினமாகப் புறப்படும் பாரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வலுவுள்ள மாற்றி வேண்டும்.

இயக்கும் முறையும் முக்கியமானது. மாற்றி முழு வேகம் எய்திய பின்னரே மோட்டரை இணைத்தல் வேண்டும். மையநீக்க நீர்ப்பம்பியில் நீர் நிரப்பி, வெளியேற்றும் வால்வை மூடிப் புறப்படச் செய்து, உடனே மெல்லத் திறக்குக. நெல் குற்றும் இயந்திரத்தை நெல்லிடாது இயக்குக. இரண்டு மோட்டர்கள் இருப்பின் பெரியதை முதலிலும் சிறியதைப் பின்னரும் இயக்குக. ஓடும் பெரிய மோட்டர் மூன்றாம் முனைக்குத் துணை நிற்கும். அழுத்தத்தை உயர்த்தும் கருவி இல்லையேல் மாற்றி 230 வோல்ற்றையே தரும். ஆதலால் 230/400 எனப் பொறித்த மோட்டரை முக்கோண இணைப்பில் பொருத்துக. இவ்வேலையைத் தகுதிபெற்ற மின்தொழிலாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

30 அம்பியர் ஒருமுனை இணைப்பு ஏறக்குறைய 7 கிலோவாட்டுக்கு மேல் தராது. அதில் 5 குதிரைவலு மோட்டர் ஓடக்கூடும், புறப்படுவது அரிது. அத்தகைய பாரமுடையோர் அயலவருடன் கூடி மும்முனை இணைப்பைக் கோருதலே மேல். வறட்சி வருமுன் இதனைத் தீர்மானித்தல் நன்று.