முதலில் பிரேக், பிறகு மோட்டார்!

சைக்கிளில் மின்சார மோட்டார் புதுமை அல்ல. 1895-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர், பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று அகன்ற டயர் கொண்ட "குரூசர்" சைக்கிளுக்கு வீட்டிலேயே மோட்டார் பொருத்துகிறார்கள். பாராட்ட வேண்டிய கைத்திறன்!

ஆனால், குரூசர் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரத்தில் மட்டுமே பிரேக் உண்டு. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். அந்தச் சக்கரத்தைக் கழற்றி, மோட்டார் சக்கரத்தை மாட்டினால் அந்த பிரேக்கும் போய்விடும்!

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே இரு சக்கரங்களிலும் நல்ல பிரேக் வேண்டும். பிரேக்கைப் பிடித்ததும் மோட்டார் நிற்க சுவிட்சும் வேண்டும்.

வீட்டில் செய்த வண்டி, ஓட்டியவரைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும்!