தூண் தூணாக விலை போகும் செட்டிநாட்டு வீடுகள்: இடிப்பது மழையா, பங்காளி சண்டையா?

உசிலம்பட்டி: கல்யாணம், காதுகுத்து என்று காரைக்குடி பக்கம் போகும் நம்மூர்க்காரர்கள் வாய் பிளந்து பார்ப்பது அங்குள்ள பெரிய வீடுகளைத்தான். முகப்பில் லட்சுமி சிலை, பக்கத்திலேயே வெள்ளைக்கார சிப்பாய் பொம்மை. ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டிய அரண்மனை 1912-ல் எழும்பியது.

இப்போது பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகள் தூண் வேறு, கதவு வேறாக பிரித்து விற்கப்பட்டு விட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில் அவற்றை பார்க்கலாம்.

பர்மா பணம்

பர்மா, மலேயா, இலங்கையில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் அந்த பணத்தில் கட்டியவை இவை. தேக்கு பர்மாவில் இருந்தும், பளிங்கு இத்தாலியில் இருந்தும் கப்பலில் வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. 1948-ல் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்க சட்டம் போட்டது. வருமானம் போனது, வீடு மட்டும் மிஞ்சியது.

ஏன் இடிக்கிறாங்க?

வளவை சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. மூணு நாலு தலைமுறையில் ஒரே வீட்டுக்கு பங்காளிகள் பெருகி விட்டார்கள். ஆளுக்கொரு ஊர். ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்பதில் இழுபறி. ஓடு உடைந்தால் மழைத்தண்ணி சுவரில் இறங்கும். கடைசியில் வியாபாரி வருகிறார். நிற்கிற வீட்டை பங்கு போடுவது கஷ்டம். தூண் விற்ற பணத்தை பங்கு போடுவது சுலபம். ஆக, மழை வெறும் சாக்குதான்!

தாமதமான சட்டம்

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிக பட்டியலில் ஏறின. ஆனால் அந்த பட்டியல் ஒரு செங்கல்லைக்கூட காப்பாற்றாது. 2012-ல் சட்டசபையில் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணைய சட்டம் 2024-ல்தான் அமலுக்கு வந்தது. 12 வருஷம் சும்மா போனது.

கொத்தனார் பிழைப்பு

பணக்காரன் வீடு இடிந்தால் நமக்கென்ன என்று விட முடியாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து பூசி தேய்த்த சுவர் நூறு வருஷத்துக்கு பிறகும் மின்னுகிறது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ண சிமெண்டு ஊற்றி, சூளையில் சுடாமலே தரைக்கல் செய்கிறார்கள். வீட்டை இடிக்க சில நாள் கூலிதான். ரிப்பேர் பார்த்து ஓட்டலாக்கிய வீடுகளிலோ கொத்தனார், தச்சர், சமையல்காரர், டிரைவர் என்று வருஷம் முழுக்க வேலை.

எனவே அரசு வீடு வீடாக கணக்கெடுத்து, ஓடு மாற்றவாவது மானியம் தர வேண்டும். பங்காளிகளும் வியாபாரியை கூப்பிடும் முன் ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும்.