பரிவின் பாரம் யார் தோளில்?

2015-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு புகைப்படம் உலகெங்கும் பேசப்பட்டது. கிரேக்க நாட்டின் லெஸ்போஸ் தீவில் உள்ள ஸ்காலா சிகம்னியாஸ் என்ற மீனவச் சிற்றூர். விசுப்பலகை ஒன்றில் மூன்று மூதாட்டிகள் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் மடியில் சிரியாவிலிருந்து வந்த கைக்குழந்தை. அவர் அதற்குப் புட்டிப்பால் புகட்டுகிறார். மற்ற இருவரும் தங்கள் பேரக் குழந்தையைக் காண்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். சற்று முன்புதான் அக்குழந்தையின் தாய் நனைந்த உடையோடு கரையேறியிருந்தார்.

அந்த ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய 150. எதிரே துருக்கிக் கரை. இடையில் சுமார் 10 கி.மீ. கடல். போரிலிருந்து தப்பிய சிரிய, ஆப்கானிய, இராக்கியக் குடும்பங்கள் ரப்பர் படகுகளில் அக்கடலைக் கடந்தன. 2015-இல் மட்டும் கடல்வழியாக கிரேக்கத்துக்கு வந்தவர்கள் எட்டரை லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் சுமார் ஐந்து லட்சம் பேர் வந்திறங்கிய இடம் லெஸ்போஸ். அத்தீவின் சொந்த மக்கள்தொகையோ சுமார் 86 ஆயிரம்தான்.

அப்போது நான் கல்லூரிப் பணியில் இருந்தேன். பொதுநிதியியல் வகுப்பு முடிந்ததும் முதுகலை மாணவி ஒருவர் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டி, 'ஐயா, இந்தப் பாட்டி செய்ததை எந்த வரைபடத்தில் காட்டுவது?' என்று கேட்டார். 'அது பொருளாதாரம் அல்ல, அம்மா, அறவியல். நம் பாடத்திட்டத்தில் இல்லை' என்றேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த விடை தவறு என்று உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

அந்தத் தீவு மக்கள் செய்தவை எளிய காரியங்கள். மீனவர்கள் வலையை விட்டுவிட்டு, கடலில் தத்தளித்தவர்களைத் தங்கள் படகுகளில் ஏற்றிக் கரை சேர்த்தனர். பெண்கள் உலர்ந்த உடைகளும் உணவும் கொடுத்தனர். படத்தில் இருந்த எமிலியா காம்விசி என்ற மூதாட்டியும், ஸ்ட்ராதிஸ் வலியாமோஸ் என்ற மீனவரும் தீவு மக்களின் சார்பில் 2016-ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். பரிசு அந்த ஆண்டு கொலம்பியாவின் அதிபருக்குச் சென்றது.

இந்தப் பரிவு திடீரென்று பிறந்ததன்று. 1922-இல் ஆசியா மைனர் பகுதியிலிருந்து விரட்டப்பட்ட கிரேக்கர்கள் இதே நீரிணையைப் படகுகளில் கடந்து இதே கரைகளில் ஒதுங்கினர். அடுத்த ஆண்டு கையெழுத்தான மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிரேக்கத்துக்கு அகதிகளாக வந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். எமிலியாவின் தாயும் அவ்வாறு வந்தவர்தாம். அம்மூதாட்டி அந்நியர் ஒருவரின் குழந்தையைத் தூக்கியபோது, அவர் கையில் இருந்தது அவருடைய குடும்ப வரலாறும்தான்.

கிரேக்க மொழியில் 'க்ஸெனோஸ்' என்ற சொல்லுக்கு அந்நியன், விருந்தினன் என இரு பொருளும் உண்டு. நம் மொழியிலும் 'விருந்து' என்ற சொல்லின் மூலப்பொருள் புதுமை. புதிதாக வருபவரே விருந்தினர். கப்பல் வந்தால்தான் மருந்தும் மாவும் கிடைக்கும் தீவு வாழ்வில், பிறரின் உதவியின்றி எவரும் வாழ இயலாது. இன்று கரையில் நின்று கயிறு வீசுபவர், நாளை படகிலிருந்து கயிற்றை எதிர்பார்க்கக்கூடும். அங்கு பரிவு என்பது தனிமனிதக் குணம் மட்டுமன்று. ஊரே சேர்ந்து தலைமுறைகளாகக் கட்டிய காப்பீடு.

ஆனால், கதை இங்கே முடியவில்லை. 2020 மார்ச் 1 அன்று அதே லெஸ்போஸில், தெர்மி என்ற சிறு துறைமுகத்தில், குழந்தைகளும் இருந்த அகதிப் படகு ஒன்று கரையை நெருங்கியது. திரண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் சிலர் கூச்சலிட்டு அதைக் கரையேற விடாமல் தடுத்தனர். அந்நாள்களில் தொண்டு நிறுவனப் பணியாளர்களும் செய்தியாளர்களும் தாக்கப்பட்டனர். குழந்தைக்குப் பாலூட்டிய தீவும் இதுதான். படகை விரட்டிய தீவும் இதுதான். இடைவெளி ஐந்து ஆண்டுகள்கூட இல்லை.

ஐந்தாண்டில் ஒரு தீவின் மனம் கல்லாகிவிடுமா? இங்கேதான் என் மாணவியின் கேள்வி திரும்பி வந்தது.

1954-இல் கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் டென்னிஸ் ராபர்ட்சன் ஓர் உரையில், பொருளியலாளர் சிக்கனப்படுத்துவது எதை என்று கேட்டார். அன்பை என்பது அவர் தந்த விடை. அன்பு அரிய வளம். ஆகவே சமூக அமைப்புகளை அன்பை அதிகம் நம்பாத வகையில் வகுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோவும் 1972-இல் ஏறத்தாழ இதே வழியில் வாதிட்டார்.

இதை 1984-இல் மறுத்தவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். அன்பும் பொதுநல உணர்வும் நிலக்கரிபோல் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவன அல்ல. பயன்படுத்தாவிட்டால் அவை துருப்பிடிக்கும். அதே சமயம் அவற்றை அளவுகடந்து நம்பினாலும் அவை அரிதாகிவிடும். இதுவே அவர் வாதத்தின் சாரம். இது நூலக அறையில் மட்டுமே பிறந்த கோட்பாடு அன்று என்று நினைக்கிறேன். ஹிர்ஷ்மன் தாமே நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். 1940-இல் பிரான்ஸின் மார்சேய் நகரில் தங்கி, தேடப்பட்ட அகதிகள் தப்பிச் செல்ல உதவியவர். பரிவின் வலிமையையும் எல்லையையும் அவர் நேரில் அறிந்திருந்தார்.

லெஸ்போஸில் நடந்தது அளவுகடந்து நம்பியதன் விளைவு. 2015-இல் தீவு மக்கள் உதவியபோது, வந்தவர்கள் ஓரிரு நாள்களில் ஏதென்ஸ் வழியே வடக்கு நோக்கிச் சென்றுவிட்டனர். 2016 மார்ச் 18 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் உடன்பாடு செய்துகொண்டன. அதன்பின் வருபவர்கள் மனு முடியும்வரை தீவிலேயே தங்க வேண்டும் என்றாயிற்று. வழியாக இருந்த தீவு கிடங்காக மாறியது.

சுமார் 3,000 பேருக்காக அமைந்த மோரியா முகாமில் 2020 தொடக்கத்தில் ஏறக்குறைய 20,000 பேர் இருந்தனர். கழிவுநீர் வழிந்தது, குளிர் தாங்காமல் அகதிகள் விறகுக்காக ஒலிவ மரங்களை வெட்டினர். அம்மரங்களை நம்பி வாழ்ந்த உழவர்கள் கொதித்தனர். மருத்துவமனை திணறியது. சுற்றுலா வருமானம் சரிந்தது. 2020 செப்டம்பரில் மோரியா எரிந்து சாம்பலானபோது, சுமார் 12 ஆயிரம் பேர் தெருவில் நின்றனர்.

இதே காலத்தில் மற்ற ஐரோப்பிய நாடுகள் செய்தது என்ன? இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் 1,60,000 அகதிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதாக அவை 2015-இல் உறுதியளித்தன. நடைமுறையில் பகிரப்பட்டவர்கள் சுமார் 35 ஆயிரம் பேர் மட்டுமே. ஹங்கேரியும் போலந்தும் ஒருவரைக்கூட ஏற்கவில்லை. அது சட்டமீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அதற்குள் திட்டமே முடிந்துபோயிருந்தது.

பொருளியலில் இதற்கு 'இலவசப் பயணி' என்று பெயர். பொது நன்மையை எல்லோரும் அனுபவிப்பர். செலவை மட்டும் யாரோ ஒருவர் ஏற்கட்டும் என்று காத்திருப்பர். லெஸ்போஸ் மூதாட்டியின் படத்தைப் பாராட்டி 'இதுதான் ஐரோப்பாவின் மனசாட்சி' என்று பெருமைப்படுவதற்குச் செலவு எதுவும் இல்லை. அந்த மனசாட்சிக்கான கட்டணத்தை ஒலிவத் தோப்பு வைத்திருந்த உழவர் கட்டினார்.

செலவு அதோடு நிற்கவில்லை. கடலில் தவித்தவர்களை மீட்ட தன்னார்வலர்கள் சிலர் 2018-இல் லெஸ்போஸில் கைது செய்யப்பட்டு, மாதக்கணக்கில் சிறையில் இருந்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. உதவினால் வழக்கு வரும் என்றால், அடுத்த முறை கை நீட்டுமுன் எவரும் ஒருகணம் யோசிப்பார். கடலில் ஒருகண யோசனை ஓர் உயிர்.

இதற்கு மாறான அனுபவம் ஒன்றும் கிரேக்கத்திலேயே உண்டு. ரோட்ஸ், கோஸ் தீவுகளுக்கு இடையே உள்ள திலோஸ், சில நூறு பேர் மட்டுமே வாழும் சிறு தீவு. இளைஞர்கள் வெளியேறுவதும் பள்ளியில் குழந்தைகள் குறைவதும் இத்தகைய தீவுகளின் நெடுநாள் கவலை. அத்தீவின் நகராட்சி, சுமார் பத்து அகதிக் குடும்பங்களைத் தானே முன்வந்து ஏற்றது. தங்க இடம் கொடுத்தது; கிரேக்க மொழி கற்றுக்கொடுத்தது. பெரியவர்களுக்கு விடுதிகளிலும் கடைகளிலும் வேலை கிடைத்தது. குழந்தைகள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்தனர்.

இதே திலோஸ், காற்றாலை, சூரியத் தகடுகள், பெரிய மின்கலம் ஆகியவற்றை இணைத்துத் தன் மின்தேவையின் பெரும்பகுதியைத் தானே உற்பத்தி செய்யும் முயற்சிக்காக 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விருதைப் பெற்றது. இரண்டையும் தனித்தனிச் செய்திகளாகவே ஊடகங்கள் எழுதின. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. பொதுக் காரியத்தில் சேர்ந்து முடிவெடுத்துப் பழகிய ஊருக்கு, புதியவரை ஏற்பதும் மற்றொரு பொதுக் காரியம்தான்.

பத்துக் குடும்பங்களை ஏற்பதும் ஐந்து லட்சம் பேரை எதிர்கொள்வதும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதுவே என் வாதமும்கூட. திலோஸ் மக்கள் லெஸ்போஸ் மக்களைவிட நல்லவர்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. திலோஸில் சுமை தோளின் அளவுக்கு இருந்தது. அதைத் தாங்க வேலையும் பள்ளியும் நிதியும் துணை நின்றன. ஏற்பதா வேண்டாமா என்ற முடிவும் ஊரின் கையில் இருந்தது. லெஸ்போஸில் இம்மூன்றும் இல்லை. மனித மனம் ஒன்றே, ஏற்பாடுகள்தாம் வேறு.

இந்தப் பாடம் பழங்கதை அன்று. கிரீட் தீவுக்குத் தெற்கே உள்ள காவ்தோஸ், ஐரோப்பாவின் தென்கோடி. குளிர்காலத்தில் அங்கு வாழ்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. லிபியாவிலிருந்து புறப்படும் படகுகள் அண்மை ஆண்டுகளில் அத்தீவையும் கிரீட்டையும் நோக்கித் திரும்பியுள்ளன. 2024-இல் இவ்வழியே வந்தவர்கள் சுமார் 5,000 பேர். 2025-இன் முதல் பாதியிலேயே அந்த எண்ணிக்கை கடக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில், வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல்வழி வருவோரின் புகலிட மனுக்களைப் பெறுவதையே கிரேக்க அரசு மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. லெஸ்போஸின் கதை வேறொரு கரையில் மீண்டும் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறது.

2024 மே மாதம் ஏற்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய புலம்பெயர்வு உடன்படிக்கை 2026 ஜூன் முதல் நடைமுறைக்கு உரியது. அதன்படி உறுப்பு நாடுகள் சுமையைப் பகிர்ந்தே ஆக வேண்டும். ஆனால், அகதிகளை ஏற்பதா, ஏற்காத ஒவ்வொருவருக்கும் 20,000 யூரோ செலுத்துவதா, வேறுவகை உதவி செய்வதா என்பது அவரவர் விருப்பம். பகிர்வைக் கட்டாயமாக்கியது முன்னேற்றமே. ஆனால், எல்லோரும் பணத்தையே தேர்ந்தெடுத்தால், மனிதர்கள் தீவிலேயே தங்கிவிடுவர். அந்தப் பணமும் முள்வேலிக்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கும் சென்றால், ஊருக்கு எஞ்சுவது வேலி மட்டும்தான்.

அந்நிதியின் ஒரு பகுதி தீவுகளின் நகராட்சிகளுக்கே நேரடியாகச் செல்ல வேண்டும். மருத்துவர், ஆசிரியர், குடிநீர், குப்பை அகற்றல், குளிர்காலக் கப்பல் போக்குவரத்து ஆகியவை அகதிக்கும் தேவை. உள்ளூர் மூதாட்டிக்கும் தேவை. வந்தவரால் மருத்துவமனை நெரிசலானது என்ற ஊரில் பகை வளரும். வந்தவரால் மருத்துவமனைக்குக் கூடுதல் மருத்துவர் கிடைத்தார் என்ற ஊரில் பரிவு வளரும். கடலில் மீட்பவர்மீது வழக்குத் தொடுக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

தனிமனிதர் செய்யும் நன்மையைப் புகழ்வதில் அரசுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. புகழ்ந்துவிட்டால் தம் கடமை முடிந்ததாக அவை எண்ணிக்கொள்கின்றன. நாமும் அப்படங்களைப் பகிர்ந்து, மனம் நெகிழ்ந்து, அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம்.

அன்று வகுப்பில் கேட்ட மாணவிக்கு இன்று என்னால் விடை சொல்ல முடியும். அந்தப் பாட்டி செய்தது பொருளாதாரம்தான், அம்மா. பரிவு ஒரு பொதுச் சொத்து. புழங்காவிட்டால் வற்றும், ஒருவரே சுமந்தாலும் வற்றும். அது வற்றாமல் இருக்க வேண்டுமானால், பாட்டி குழந்தையைத் தூக்கிய மறுகணம் மற்றவர்கள் பாட்டியைத் தாங்க வந்திருக்க வேண்டும். லெஸ்போஸில் யாரும் வரவில்லை. காவ்தோஸுக்காவது வர வேண்டும்.